எய்ம்ஸ் பிஎஸ்சி நர்சிங் நுழைவுத் தேர்வு: விண்ணப்பம் முதல் தேர்வு அறை வரை

"நர்சிங்குக்குத்தானே அக்கா, பயாலஜி மட்டும் கெட்டியாப் படிச்சாப் போதாதா?"

டியூட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சந்தேகம் கேட்க வரும் பெண்களில் பாதிப் பேர் முதல் நாள் கேட்பது இதைத்தான். நான் ஒரு துண்டுத்தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்துவிடுவேன்: இயற்பியல் 30, வேதியியல் 30, உயிரியல் 30, பொது அறிவு 10. மொத்தம் 100 கேள்வி, 2 மணி நேரம். உயிரியலில் முப்பதுக்கு முப்பது வாங்கினாலும் இன்னும் 70 மதிப்பெண் வெளியே கிடக்கிறது. உயிரியலை எல்லோருமே நன்றாகப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதனால் ஒருவரை இன்னொருவருக்கு மேலே ஏற்றிவிடுவது பெரும்பாலும் இயற்பியலாகத்தான் இருக்கிறது. இந்தத் தேர்வைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்ததில் முக்கியமானது இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வரும் வேலைகள்.

முதலில், எந்த வாசல்?

தமிழ்நாட்டில் அரசு நர்சிங் கல்லூரிகளுக்கும், தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் பிஎஸ்சி நர்சிங் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நடக்கிறது. தனியாக நுழைவுத் தேர்வு கிடையாது. எனவே "எப்படியும் நர்சிங் சேர்ந்தால் போதும்" என்பவர்கள் பப்ளிக் எக்ஸாமில் கவனம் வைத்தாலே ஒரு வாசல் திறந்திருக்கும். இதைச் சொல்லாமல் வெறும் பயத்தைக் காட்டிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் கோச்சிங் சென்டர்கள் இருக்கின்றன. ஜாக்கிரதை.

நுழைவுத் தேர்வு தேவைப்படுவது வேறு இடங்களுக்கு. புதுச்சேரி ஜிப்மரில் பிஎஸ்சி நர்சிங் சேர நீட் மதிப்பெண் வேண்டும். ராணுவ நர்சிங் பணிக்கான பிஎஸ்சி படிப்பு பெண்களுக்கு மட்டும். அதற்கும் முதலில் நீட், அந்த மதிப்பெண்ணில் தேர்வானவர்களுக்குப் பொதுத் திறனும் ஆங்கிலமும் சேர்ந்த கணினித் தேர்வு, பிறகு நேர்முகம், மருத்துவப் பரிசோதனை. வேலூர் சிஎம்சி தனியாக விண்ணப்பம் வாங்கித் தனியாகத் தேர்வு வைக்கிறது. 1946-இல் நம் நாட்டில் நர்சிங் பட்டப்படிப்பு முதன்முதலில் தொடங்கிய இரண்டு இடங்களில் ஒன்று அது, இன்னொன்று டெல்லி. மகாராஷ்டிரா போன்ற சில மாநிலங்கள் பிஎஸ்சி நர்சிங்குக்கென்றே பொது நுழைவுத் தேர்வு வைக்கின்றன. அதில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம், நர்சிங் ஆர்வத் திறன் என்று ஐந்து பகுதி, ஒவ்வொன்றுக்கும் 20.

எய்ம்ஸ் இவை எதிலும் சேராது. அதற்கு நீட் மதிப்பெண் வேண்டாம். எய்ம்ஸ் தானே அகில இந்திய அளவில் ஒரு கணினித் தேர்வு வைத்து, டெல்லிக்கும் மற்ற ஊர்களில் உள்ள எய்ம்ஸ்களுக்கும் சேர்த்து ஒரே தரவரிசையில் ஆள் எடுக்கிறது. இங்கே நான் எழுதுவது இந்தத் தேர்வைப் பற்றி. நீட்டுக்குப் படிப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

உங்களால் எழுத முடியுமா?

பிளஸ் டூவில் ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் படித்திருக்க வேண்டும். தாவரவியல், விலங்கியல் என்று பிரித்துப் படித்தவர்களும் உயிரியல் படித்தவர்கள்தான். இந்த நான்கு பாடமும் சேர்த்துப் பொது, ஓபிசி, இடபிள்யூஎஸ் (பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவு) பிரிவினருக்கு 55 சதவீதம், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 50 சதவீதம். சேரும் வருடத்தின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பிளஸ் டூ எழுதி ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம்.

டெல்லி எய்ம்ஸில் இந்தப் படிப்பு பெண்களுக்கு மட்டுமே. தம்பிகள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், எந்த ஊரில் ஆண்களுக்கு இடம் இருக்கிறது என்பதை அந்தந்த வருட ப்ராஸ்பெக்டஸில் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

படிப்பதற்கு முன்னால் தாலுகா அலுவலகம்

நம் வீடுகளில் கடைசி நிமிஷம் வரை தள்ளிப்போடும் வேலை சான்றிதழ் வாங்குவது. பள்ளியில் சேர்க்கும்போது வாங்கிய பிசி அல்லது எம்பிசி சாதிச் சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கும், அதுவே போதும் என்று நினைத்துக்கொள்வோம். மத்திய அரசு நிறுவனங்களில் அது போதாது. ஓபிசி, கிரீமிலேயர் (வருமான வரம்பைத் தாண்டிய வசதியான குடும்பம்) அல்லாதவர் என்று மத்திய அரசு படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் வட்டாட்சியர் தருவார். உங்கள் சாதி மாநிலப் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, மத்திய ஓபிசி பட்டியலிலும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் எந்தத் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று ப்ராஸ்பெக்டஸில் போட்டிருப்பார்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய சான்றிதழை நீட்டினால் வாங்க மாட்டார்கள்.

"வருமானம் எட்டு லட்சத்தைத் தாண்டிடுச்சே" என்று பயந்து விண்ணப்பிக்காமலே விட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த எட்டு லட்சக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. ஆனால் பெற்றோர் அரசு வேலையில் எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்பதற்குத் தனி விதி உண்டு. அதை வட்டாட்சியர் அலுவலகத்திலேயே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அப்புறம் பெயர். ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இன்னொரு மாதிரி, இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில். விண்ணப்பத்தில் மார்க் ஷீட்டில் உள்ளபடியே எழுதுங்கள், ஆதாரை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள். இதெல்லாம் ஜூலை, ஆகஸ்டிலேயே முடித்துவிட வேண்டிய வேலை. பிப்ரவரியில் பிராக்டிக்கல் தேர்வுக்கு நடுவில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் நிலை வேண்டாம்.

விண்ணப்பம் இரண்டு கட்டம்

கடந்த சில ஆண்டுகளாக எய்ம்ஸ் விண்ணப்பத்தை இரண்டாகப் பிரித்து வாங்குகிறது. முதலில் அடிப்படைப் பதிவு. பெயர், பிறந்த தேதி, பிரிவு, புகைப்படம், கையெழுத்து, கட்டைவிரல் ரேகை எல்லாம் இதில். இதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டார்களா இல்லையா என்று உங்கள் கணக்கில் காட்டும். குறை இருந்தால் திருத்தக் கொஞ்ச நாள் தருவார்கள். அது முடிந்த பிறகு, அந்தத் தேர்வுக்கென்று ஒரு குறியீட்டு எண்ணை உருவாக்கி, இறுதிப் பதிவைச் செய்து, கட்டணம் கட்டி, தேர்வு மைய ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இரண்டு வருடத்துக்கு முன் முதல் கட்டத்தை முடித்தாள். 'ஏற்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்ததும் வீட்டில் கேசரி கிண்டினார்கள். வேலை முடிந்துவிட்டது என்று அவளும் நினைத்தாள், அவள் அப்பாவும் நினைத்தார். கூடப் படிக்கும் பெண்ணுக்கு ஹால் டிக்கெட் வந்த அன்று சாயங்காலம்தான் இரண்டாம் கட்டம் என்று ஒன்று இருந்ததே தெரிந்தது. தளத்தில் போய்ப் பார்த்தால் கடைசித் தேதி எப்போதோ போயிருந்தது. அந்த வருடம் முழுக்கப் படித்த படிப்பு அப்படியே நின்றது. அடுத்த வருடம் மறுபடி எழுதினாள்.

அதனால் இரண்டு கட்டத்தின் தேதிகளையும் காலண்டரில் சிவப்பு மையில் எழுதி மாட்டுங்கள். மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் உங்களுடையதாகவோ வீட்டில் உள்ளவருடையதாகவோ இருக்கட்டும். நெட் சென்டர் அண்ணனின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டு தெரியாமல் அவர் கடை திறக்கும் வரை காத்திருப்பவர்கள் நிறையப் பேர். புகைப்படம் நிராகரிக்கப்படுவதும் அடிக்கடி நடக்கும். செல்போனில் எடுத்த செல்ஃபியை அனுப்பாதீர்கள். ஸ்டுடியோவில் வெளிர் பின்னணியில் எடுத்து, தளத்தில் கேட்டிருக்கும் அளவுக்குச் சுருக்கிக் கேளுங்கள்.

வினாத்தாள் தமிழில் இருக்காது

இது தமிழ் வழியில் படித்தவர்களுக்கு. நீட் தமிழில் எழுதலாம். எய்ம்ஸ் பிஎஸ்சி நர்சிங் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். கேள்விக்கான பதில் உங்களுக்குத் தெரியும், கேள்விதான் புரியாது. மண்ணீரல் என்ன செய்யும் என்று நன்றாகத் தெரிந்த பெண், 'ஸ்ப்ளீன்' என்று கேட்டதும் விட்டுவிட்டு வந்தாள்.

இதற்கு ஆங்கில இலக்கணம் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு நூறு பக்க நோட்டை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் பாடப்புத்தகத்தில் உள்ள தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல். சவ்வூடு பரவல் என்றால் ஆஸ்மாசிஸ், உந்தம் என்றால் மொமெண்டம், முடுக்கம் என்றால் ஆக்ஸலரேஷன், கணையம் என்றால் பேன்கிரியாஸ். குழப்பும் சொற்களை அடுத்தடுத்து எழுதுங்கள்: எதிரொளிப்பு ரிஃப்ளெக்‌ஷன், ஒளிவிலகல் ரிஃப்ராக்‌ஷன், விளிம்பு விளைவு டிஃப்ராக்‌ஷன். சாதாரணப் பகுப்பு மைட்டாசிஸ், குன்றல் பகுப்பு மியாசிஸ். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலோடு எழுதுங்கள், ஏனென்றால் திரையில் அதைத்தான் பார்க்கப் போகிறீர்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து சொல் என்றால் மூன்று மாதத்தில் ஆயிரத்து முந்நூறைத் தாண்டும். பிளஸ் ஒன், பிளஸ் டூ மூன்று பாடத்திலும் முக்கியமான சொற்கள் அதற்குள் பெரும்பாலும் வந்துவிடும்.

அதோடு பாடத்தைத் தமிழில் படித்து முடித்த கையோடு, அதே பாடத்தின் என்சிஇஆர்டி (மத்தியப் பாடத்திட்ட) ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்சிஇஆர்டி தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் ஆங்கிலம் அவ்வளவு முரண்டு பிடிக்காது. நம் மாநிலப் பாடப்புத்தகம் குறைந்தது இல்லை. 2018-க்குப் பிறகு வந்த புத்தகங்கள் நன்றாகவே கனமாக இருக்கின்றன. ஆனால் கேள்வி வரும் வாக்கியம் என்சிஇஆர்டி வாக்கியத்தை ஒட்டி இருக்கும்.

இந்த இரண்டு புத்தகத்தோடு பழைய வினாக்களின் தொகுப்பு ஒன்று போதும். ஐந்து கைடு வாங்கி அடுக்கியவர்களில் ஒன்றைக்கூட முழுசாக முடித்தவரை நான் பார்த்ததில்லை.

இயற்பியல்: ஓடாமல் நின்று பாருங்கள்

சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் போதும் என்ற நினைப்பில்தான் மதிப்பெண் போகிறது. எய்ம்ஸ் நர்சிங்கில் வரும் இயற்பியல் கணக்கு ஜேஇஇ மாதிரி இரண்டு பக்கத்துக்குப் போகாது. பெரும்பாலும் இரண்டு அடி, மூன்று அடிதான். ஆனால் தவறான விடைகளைச் சும்மா வைக்க மாட்டார்கள். நீங்கள் எங்கே தடுக்கி விழுவீர்கள் என்று யோசித்து வைத்திருப்பார்கள்.

ஒரு குவிலென்ஸின் குவியத் தூரம் 25 செ.மீ, அதன் திறன் என்ன? அவசரத்தில் ஒன்றை 25-ஆல் வகுத்து 0.04 என்று எடுப்பவர்களுக்காகவே அந்த விடை அங்கே இருக்கும். திறனுக்குத் தூரம் மீட்டரில் வேண்டும். 25 செ.மீ என்பது 0.25 மீட்டர், விடை 4 டையாப்டர். 6 ஓம், 3 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் 2 ஓம். பக்கத்திலேயே 9 ஓமும் இருக்கும், அது தொடர் இணைப்பு என்று வாசித்தவருக்கு. அரை ஆயுள் 5 வருடம் உள்ள பொருள் 80 கிராம், 15 வருடம் கழித்து எவ்வளவு மிஞ்சும்? மூன்று முறை பாதியாக்க வேண்டும்: 40, 20, 10. மூன்றால் வகுத்தவருக்கு 26.7 காத்திருக்கும்.

ஒரு பாடத்தை முடித்ததும் அந்தப் பாடத்தில் என்னென்ன தப்பு செய்யலாம் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். செ.மீ-ஐ மீட்டராக்க மறப்பது, செல்சியஸைக் கெல்வினாக்க மறப்பது, குழிலென்ஸுக்குக் கழித்தல் குறி போட மறப்பது. சூத்திர நோட்டை விட இந்தத் தப்பு நோட்டு அதிகம் உதவும்.

எந்தப் பாடத்தில் தொடங்குவது? அலகுகளும் பரிமாணங்களும் முதலில். எளிது, மற்ற பாடத்திலும் விடையைச் சரிபார்க்க உதவும். அடுத்து மின்னோட்டவியல், ஒளியியல், அணுவும் அணுக்கருவும், குறைகடத்தி. இவற்றில் நேரடிக் கேள்வி நிறைய. அதன் பிறகு இயக்கவியல், வேலை ஆற்றல், பாய்மங்கள், வெப்பம். சுழற்சி இயக்கமும் மாறுதிசை மின்னோட்டமும் கடைசியில் வரட்டும். அதில் தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்டு, ஒளியியலைத் தொடாமலே தேர்வுக்குப் போனவர்கள் உண்டு.

பாய்மங்களைப் படிக்கும்போது வார்டை நினைத்துக்கொள்ளுங்கள். டிரிப் ஸ்டாண்டில் பாட்டிலை ஏன் உயரத்தில் மாட்டுகிறோம்? கையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பாட்டில் இருந்தால், அடர்த்தி 1000, ஈர்ப்பு முடுக்கம் 10, உயரம் 1, பெருக்கினால் 10,000 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டர் பாதரசம் ஏறக்குறைய 133 பாஸ்கல், ஆகவே இது சுமார் 75 மில்லிமீட்டர் பாதரசம். சிரையில் உள்ள அழுத்தம் இதைவிட மிகக் குறைவு, அதனால் மருந்து உள்ளே இறங்குகிறது. நோயாளியை பாத்ரூமுக்குக் கூட்டிப் போகும் அட்டெண்டர் பாட்டிலைக் கைக்குக் கீழே பிடித்தால் டியூபில் ரத்தம் ஏறி வரும். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த யாரும் இதைப் பார்த்திருப்பார்கள். அழுத்தத்தின் சூத்திரம் இதற்குப் பிறகு மறக்காது.

வேதியியலும் ஒரு சலைன் பாட்டிலும்

வேதியியலை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கணக்கு வரும் இயல் வேதியியல், வரி வரியாக நினைவில் வைக்க வேண்டிய கனிம வேதியியல், வினைகளைத் தொடராகப் பிடிக்க வேண்டிய கரிம வேதியியல். கனிமத்தில் என்சிஇஆர்டி வரிகளைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. கரிமத்தில் பெயர் கொண்ட வினைகளை ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தனித்தனியாகப் படித்தால் ஒன்றும் தங்காது. ஆல்கஹாலில் இருந்து ஆல்டிஹைடு, அதிலிருந்து அமிலம் என்று அம்புக்குறி போட்டுப் பழகுங்கள்.

கணக்கில் மோல் கருத்து சரியாக வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதைச் சொல்லிக்கொடுக்க நான் எடுப்பது நார்மல் சலைன் பாட்டிலைத்தான். லேபிளில் 0.9 சதவீதம் சோடியம் குளோரைடு என்று போட்டிருக்கும். நூறு மி.லி-க்கு 0.9 கிராம், அப்படியென்றால் ஒரு லிட்டரில் 9 கிராம். சோடியம் குளோரைடின் மோலார் நிறை 58.5. ஒன்பதை 58.5-ஆல் வகுத்தால் 0.154 மோல். கரைந்ததும் சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரிகிறது, எனவே துகள்கள் 0.308.

இப்போது பக்கத்து ரேக்கில் உள்ள 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸை எடுங்கள். லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ், மோலார் நிறை 180, வகுத்தால் 0.278. குளுக்கோஸ் பிரியாது, அப்படியே நிற்கும். ஒன்றில் 9 கிராம், இன்னொன்றில் 50 கிராம், ஆனால் துகள் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டுமே ரத்தத்தின் சவ்வூடு பரவல் அழுத்தத்துக்கு அருகில். அதனால்தான் இரண்டையும் சிரையில் ஏற்ற முடிகிறது. வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரை ஏற்றினால் சிவப்பணு நீரை உறிஞ்சி உப்பி வெடிக்கும், உப்பு கூடிய கரைசல் என்றால் சுருங்கும்.

இந்த ஒரு பாட்டிலில் மோல், சதவீதச் செறிவு, வான்ட் ஹாஃப் காரணி, தொகைசார் பண்பு, செல்லின் சவ்வு, ரத்த அணு அத்தனையும் இருக்கிறது. இரண்டு பாடப்புத்தகத்தில் நான்கு இடத்தில் சிதறிக் கிடப்பதை ஒன்றாகப் பார்த்துவிட்டால் தனித்தனியாக நினைவில் வைக்கத் தேவையில்லை.

பிஎச் கணக்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 2. 0.001 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு என்றால்? 3 என்று கை போகும். அது பிஓஎச். 14-இல் இருந்து கழித்து 11 என்று எழுத வேண்டும். காரத்துக்கு பிஎச் 3 வருமா என்று ஒரு நொடி யோசித்தாலே தப்பு தெரிந்துவிடும்.

உயிரியலில் செடியை விடாதீர்கள்

உயிரியலைப் பற்றி நீளமாக எழுதவில்லை, ஏனென்றால் இதை நீங்களாகவே படிப்பீர்கள். ஒரே குறை, மனித உடலியலை மூன்று தடவை படித்துவிட்டு தாவரவியலை ஒரு தடவைகூடப் புரட்டாமல் வருவது. 30 கேள்வியில் தாவரம், மரபியல், சூழலியல் எல்லாம் சேர்த்தியே. ஒளிச்சேர்க்கையின் சி3, சி4 வேறுபாடு, தாவரத் திசுக்கள், மலரின் பாகங்கள், மெண்டல் விகிதங்கள் இவற்றுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

எண்களைத் தனியாக எழுதி வையுங்கள், காரணத்தோடு. இதயம் ஒரு துடிப்பில் 70 மி.லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு, பெருக்கினால் 5,040 மி.லி, அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். சிறுநீரகம் நிமிடத்துக்கு 125 மி.லி வடிகட்டுகிறது, ஒரு நாளைக்கு 180 லிட்டர். நாம் வெளியேற்றுவது ஒன்றரை லிட்டர்தான். மீதி எங்கே போனது என்று கேட்டால் மீள உறிஞ்சுதல் என்ற பாடம் தானாக வந்து நிற்கும். மூச்சுக் கொள்ளளவு 500 மி.லி. ஏபி, ஓ ரத்த வகைப் பெற்றோருக்கு ஏ அல்லது பி வகைக் குழந்தைதான் பிறக்கும், பெற்றோரின் வகை எதுவும் வராது. இதை நான்கு கட்டத்தில் வரைந்து பார்த்தால் போதும்.

பொது அறிவு

பத்து மதிப்பெண்ணுக்காகத் தினமும் இரண்டு மணி நேரம் செலவழிப்பது வீண். காலையில் இருபது நிமிடம் செய்தித்தாள், அவ்வளவுதான். சுகாதாரம் சம்பந்தப்பட்டதை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குறித்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நாள் ஏப்ரல் 7, செவிலியர் நாள் மே 12, அது ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1820-இல் பிறந்த நாள். காசநோய் நாள் மார்ச் 24, ராபர்ட் காக் 1882-இல் அந்தக் கிருமியை அறிவித்த நாள். பெரியம்மை ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980-இல். இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது 2014 மார்ச் 27. எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு வழிவகுத்த ஆய்வுக்காக கட்டாலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மேனும் நோபல் பெற்றது 2023-இல். இவற்றோடு அரசியலமைப்பு, இந்திய வரலாறு, புவியியல் அடிப்படைகள். இதற்குப் பள்ளிச் சமூக அறிவியல் புத்தகமே போதும்.

எந்த மாதம் என்ன செய்வது

கடந்த சில ஆண்டுகளில் தேர்வு மே கடைசி, ஜூன் முதல் வாரத்தை ஒட்டி நடந்திருக்கிறது. நீங்கள் பிளஸ் டூவில் இருந்தால் கணக்கு இப்படி. ஜூனில் இருந்து செப்டம்பர் வரை, பள்ளியில் பிளஸ் டூ பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டில் பிளஸ் ஒன் பாடத்தை முடிக்க வேண்டும். பல பள்ளிகளில் பிளஸ் ஒன்னை ஓரம் கட்டிவிட்டு நேராகப் பிளஸ் டூவுக்குப் போய்விடுகிறார்கள். கேள்வி இரண்டு வருடப் பாடத்தில் இருந்தும் வரும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் இயற்பியல் கணக்கு. அதை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிளஸ் டூ பாடத்தில் பள்ளி முடித்த பகுதிகளுக்குப் பழைய வினாக்களைப் போட்டுப் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பப்ளிக் எக்ஸாம்தான் முக்கியம். இந்த மாதங்களில் சொல் நோட்டும் செய்தித்தாளும் மட்டும் தொடரட்டும். நடுவில் வரும் விண்ணப்பத் தேதியை வீட்டில் வேறு யாராவது கவனித்துக்கொள்ளட்டும்.

பப்ளிக் எக்ஸாம் முடிந்த அன்றே புத்தகத்தை மூடிவிட்டு ஊருக்குப் போகத் தோன்றும். போங்கள், நாலு நாள் போய்விட்டு வாருங்கள். அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் முழுதாக இருக்கிறது. முதல் மாதம் மீள்பார்வை, வாரம் ஒரு மாக் டெஸ்ட். இரண்டாவது மாதம் ஒன்று விட்டு ஒரு நாள் மாக் டெஸ்ட். டெஸ்ட் எழுதும் இரண்டு மணி நேரத்தை விட, தப்பான கேள்விகளை அலசும் அடுத்த மூன்று மணி நேரம் முக்கியம். தெரியாமல் போனது, தெரிந்தும் அவசரத்தில் விட்டது, ஆங்கிலம் புரியாமல் விட்டது என்று மூன்றாகப் பிரியுங்கள். தமிழ் வழிப் பெண்களுக்கு மூன்றாவது குவியல்தான் முதலில் பெரிதாக இருக்கும், வேகமாகக் கரைவதும் அதுதான்.

கைபேசியில் டெஸ்ட் எழுதிப் பழகாதீர்கள். மௌஸ் பிடித்துக் கணினித் திரையில் ஒரு ஐந்தாறு தடவையாவது எழுதிப் பாருங்கள். கால்குலேட்டர் கிடையாது, எனவே வகுத்தல் பெருக்கலைக் கையாலேயே போட்டுப் பழகுங்கள்.

நெகட்டிவ் மார்க்கின் கணக்கு

சரியான விடைக்கு 1, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும், விட்டால் பூஜ்யம். "தெரியாததைத் தொடவே கூடாது" என்று சிலர், "எல்லாத்தையும் போட்டு வை" என்று சிலர். இரண்டுமே கணக்குப் போடாமல் சொல்வது.

தெரியாத 40 கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டால், நான்கில் ஒன்று வீதம் சராசரியாக 10 சரியாகும், 30 தவறாகும். பத்து கூடும், முப்பதின் மூன்றில் ஒரு பங்கான பத்து கழியும். மிச்சம் பூஜ்யம். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, ஆனால் நேரம் போயிற்று. அதே 40 கேள்வியில் ஒவ்வொன்றிலும் ஒரு விடை நிச்சயம் தவறு என்று உங்களால் ஒதுக்க முடிந்தால், மூன்றில் ஒன்று சரியாக 13-க்கு மேல் கிடைக்கும், 9-க்குக் கொஞ்சம் குறைவாகக் கழியும். நான்கரை மதிப்பெண் அளவுக்கு லாபம். இரண்டை ஒதுக்க முடிந்தால் லாபம் 13-ஐத் தாண்டும். ஆகவே விதி எளிது: ஒன்றையாவது ஒதுக்க முடிந்தால் போடுங்கள், முடியாவிட்டால் விடுங்கள். ராங்க் பட்டியலில் நாலு மதிப்பெண் என்பது பல இடம் மேலே கீழே போகும் விஷயம்.

தகுதிக்கான அளவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பொதுப் பிரிவுக்கு 50 பெர்சென்டைல் என்றால் 50 மதிப்பெண் என்று அர்த்தமில்லை, எழுதியவர்களில் பாதிப் பேரை விட நீங்கள் மேலே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஓபிசிக்கு 45, எஸ்சி, எஸ்டிக்கு 40. அதைத் தாண்டினால் ராங்க் பட்டியலில் பெயர் வரும், இடம் உறுதி இல்லை. இடங்கள் அதைவிட மிகக் குறைவு.

தேர்வு அறையில்

100 கேள்விக்கு 120 நிமிடம், ஒரு கேள்விக்கு 72 வினாடி. எல்லாக் கேள்விக்கும் சமமாகக் கொடுத்தால் இயற்பியல் பாதியில் நிற்கும். நான் சொல்லிக்கொடுப்பது: உயிரியலை 20 நிமிடத்தில், பொது அறிவை 5 நிமிடத்தில் முடியுங்கள். தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் உட்கார்ந்து யோசித்தாலும் வராது. வேதியியலுக்கு 40, இயற்பியலுக்கு 45. கடைசி 10 நிமிடம் குறித்து வைத்த கேள்விகளுக்கு. உங்களுக்கு வேறு வரிசை சரிப்பட்டால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மாக் டெஸ்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். அன்றைக்குப் புதிதாக எதையும் முயன்று பார்க்க வேண்டாம்.

மையம் வேறு ஊரில் என்றால் முந்தின நாள் மாலையே போய் இடத்தைப் பார்த்துவிடுங்கள். ஹால் டிக்கெட்டில் என்ன கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்களோ அதை மட்டும் எடுத்துப் போங்கள். கம்மல், வளையல், கொலுசு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும், வாசலில் கழற்றச் சொன்னால் யார் கையில் கொடுப்பது என்று தவித்து நிற்பீர்கள்.

எழுதிவிட்டு வந்ததும் மூல மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், ஓபிசி அல்லது எஸ்சி சான்றிதழ், விண்ணப்பத்தில் பதிவேற்றிய அதே புகைப்படத்தின் பத்துப் பிரதிகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். கவுன்சிலிங் ஆன்லைனில்தான் நடக்கும், ஊர்களின் விருப்ப வரிசையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். டெல்லியை முதலில் போட்டுவிட்டு மற்றதைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பாதீர்கள். அந்த ஊருக்கு நம் ஊரில் இருந்து நேரடி ரயில் இருக்கிறதா, எத்தனை மணி நேரம் என்று அம்மாவோடு உட்கார்ந்து பார்த்து வரிசைப்படுத்துங்கள். நாலு வருடம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்த ரயிலில்தான் ஏறி வரப் போகிறீர்கள்.